கூடாரம் கோட்டையான கதை

"நான் இந்த மேஜையில எதுக்குடா உட்கார்ந்திருக்கேன்?"

எங்கள் ஆட்டத்தில் வாள்வீரனாக விளையாடும் நண்பன் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். அதனாலேயே எனக்குக் கூடுதலாக உறுத்தியது.

ரெண்டு வருஷமாக சனிக்கிழமை ராத்திரிகளில் என் வீட்டு ஹாலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறோம். தெரியாதவர்களுக்காக: இது பலகையில் காய் நகர்த்தும் ஆட்டம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். அவர் பெயர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்யறேன்" என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதில் சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். எங்கள் குழுவில் டிஎம் நான். மற்றவர்கள் நாலு பேர். பாத்திரங்கள் எல்லாம் ஐந்தாம் லெவல்.

அன்றைக்கு அவர்கள் ஒரு சதுப்பு நிலத்தைக் கடந்து மூன்று நாள் நடக்க வேண்டும். அதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்திருந்தேன். குடிக்கத் தண்ணி கிடைக்காத இடம், காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சேறு, ராத்திரியில் மோப்பம் பிடித்து வரும் பல்லி மனிதர்கள். நண்பனின் வீரன் காட்டில் வளர்ந்தவன். தடம் பார்க்க, வேட்டையாட, காவல் இருக்கத் தெரிந்தவன். இது அவனோட வாரம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று நாள் பயணம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ட்ரூயிட் பாத்திரம் 'குட்பெர்ரி' மந்திரம் போட்டது: பத்துப் பழம், ஒவ்வொன்றும் ஒருத்தருக்கு ஒரு நாள் சாப்பாடு. இருட்டியதும் மந்திரவாதி 'டைனி ஹட்' போட்டான்: கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூரை, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர முடியாது, எட்டு மணி நேரம் நிற்கும். பல்லி மனிதர்கள் வந்தார்கள், சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், போனார்கள். கல்லறை வாசலில் பெரிய பூட்டு. வீரன் தோளைக் கொடுத்து இடிக்கலாம் என்று பகடையை எடுப்பதற்குள் மந்திரவாதி 'நாக்' என்றான். திறந்துகொண்டது. அந்தக் கேள்வி வந்தது அப்போதுதான்.

மந்திரங்களைச் சமன் செய்வது பற்றி இணையத்தில் படித்தால் பத்துக்கு ஒன்பது பேர் பேசுவது ஃபயர்பால் பற்றித்தான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம்; எட்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும் (முருகனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை). சராசரி 28. அதே பதிப்பின் டிஎம் கையேட்டில், சொந்தமாக மந்திரம் உருவாக்குகிறவர்களுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. பல பேரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு அது கொடுக்கும் அளவு ஆறு பகடை, சராசரி 21. எட்டுப் பகடை என்பது அந்த அட்டவணைப்படி ஐந்தாம் நிலைக்கு உரியது. தன் கணக்கைத் தானே மீறுகிற மந்திரம். புகழ் பெற்ற மந்திரம் என்பதால் செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

'ஆஹா, கண்டுபிடிச்சாச்சு' என்று எங்கள் மேஜையில் ஃபயர்பாலை ஆறு பகடையாகக் குறைத்தேன். ஒரு மாதம் ஆடினோம். ஒன்றுமே மாறவில்லை. யோசித்துப் பார்த்தால், ஃபயர்பால் விழும்போதெல்லாம் அதிகமாகக் கைதட்டியவன் அந்த வீரன்தான். எதிரிக் கூட்டம் பாதியாகக் குறைந்தால் மீதியை வெட்ட அவனுக்கு வழி கிடைக்கிறது. அவனை ஓரமாக உட்கார வைத்தது குட்பெர்ரியும் ஹட்டும் நாக்கும். மூன்றிலும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. சேத எண்ணிக்கையை வைத்து அளந்தால் மூன்றும் பூஜ்யம்.

அதனால் ஒரு மந்திரத்தைப் பார்க்கும்போது நான் இப்போது முதலில் கேட்பது இதுதான்: இது மேஜையிலிருந்து எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறது? 'எதிரியை எப்படி அடிப்பது' என்ற கேள்வியை ஃபயர்பால் கொஞ்சம் சுருக்குகிறது, அவ்ளோதான். 'எங்கே படுப்பது, யார் காவல், ராத்திரி என்ன வரும்' என்ற கேள்வியை ஹட் மொத்தமாகத் துடைத்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒருவன் தன் பாத்திரத்தையே உருவாக்கி வைத்திருந்தால் அவன் கதி அதோகதி.

இது எப்படி இப்படி ஆச்சு என்று பார்க்க, கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஆட்டம் முதலில் வந்தது 1974. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் எழுதியது. மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அவர்கள் பிடித்துக்கொண்டது ஜாக் வான்ஸ் எழுதிய 'தி டையிங் எர்த்' என்ற 1950ஆம் ஆண்டுப் புத்தகத்தை. அதில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்து மண்டைக்குள் ஏற்றிக்கொள்வான்; சொன்னதும் அது மறந்து போகும். மறுபடியும் படித்துத்தான் ஏற்ற வேண்டும். நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. பரசுராமர் கர்ணனுக்குக் கொடுத்த சாபம் கிட்டத்தட்ட இதுதானே: தேவையான நேரத்தில் மந்திரம் மறந்து போகட்டும்.

மறதியை ஒரு ஆட்ட விதியாக மாற்றியது பெரிய யோசனை. மந்திரம் எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை, கையில் இருக்கும் எண்ணிக்கை குறைவு என்று சொல்லிவிடலாம். 1978இல் வந்த அட்வான்ஸ்டு விதிப் புத்தகத்தில் முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். உயிர்ப்புள்ளிக்கு நாலுமுகப் பகடை. பூனை பிராண்டினாலே போய்ச் சேர்ந்துவிடலாம். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் மந்திரம் போச்சு, நினைவிலிருந்தும் போச்சு. திரும்ப ஏற்ற முதலில் சில மணி நேரம் தூக்கம், அப்புறம் மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் கால் மணி நேரம் படிப்பு. அந்தத் தூக்கத்தை நிலவறைக்குள்ளேயே போட்டால், சுற்றித் திரியும் ஜந்துக்கள் வருகின்றனவா என்று டிஎம் அவ்வப்போது பகடை உருட்டிக்கொண்டிருப்பார்.

மந்திரங்களுக்குள்ளேயும் முள் இருந்தது. ஃபயர்பாலைச் சின்ன அறையில் போட்டால் நெருப்பு சுமார் 33,000 கன அடி இடத்தைத் தேடி வழியும். தாழ்வாரம் வழியாகப் போட்டவன் மூஞ்சிக்கே திரும்பி வரும். ஹேஸ்ட் போட்டு வேகமாக ஓடினால் ஆயுளில் ஒரு வருஷம் கழியும். டெலிபோர்ட் தவறினால் தரைக்குள் போய் முளைத்துச் சாகலாம். இதெல்லாம் விலை. பகடை எண்ணிக்கையில் எழுதப்படாத விலை.

'பார்த்தீங்களா, பழசுதான் பொன்னு' என்று சொல்லும் ஒரு கோஷ்டி உண்டு. அவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தப் புத்தகத்தின் அனுபவப் புள்ளி அட்டவணையைப் பாருங்கள். இரண்டாம் லெவலுக்கு வீரனுக்கு 2,001 புள்ளி, மந்திரவாதிக்கு 2,501. சரி, மந்திரவாதி மெதுவாக வளர்கிறான், நியாயம்தான் என்று தோன்றும். மேலே போகப் போக என்ன ஆகிறது? 2,50,001 புள்ளி சேர்ந்தால் வீரன் ஒன்பதாம் லெவல். அதே 2,50,001க்கு மந்திரவாதி பத்தாம் லெவல்! முதலில் கஷ்டப்படு, அப்புறம் ராஜாவாக இரு என்ற கணக்கு. வருஷக்கணக்கில் ஆடும் குழுவுக்கு அது ஒத்துவரலாம். ஆனால் முதல் ஆறு மாதம் ஒருத்தன் சும்மா இருந்து, அடுத்த ஆறு மாதம் இன்னொருத்தன் சும்மா இருப்பதைச் சமநிலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி வந்து உட்காருகிறவனுக்கு அந்த சனிக்கிழமைதான் ஆட்டம்.

2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு. ஜோனதன் ட்வீட், மான்டே குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் எழுதியது. விதிகளைச் சுத்தமாக்கியவர்கள், நான் அவர்கள் ரசிகன். ஆனால் சுத்தம் செய்யும்போது பழைய முள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அனுபவ அட்டவணை. அடி விழுந்தாலும் ஒரு பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் எதிரி நின்றால் ஐந்தடி நகர்ந்து நிம்மதியாக மந்திரம் சொல்லலாம். ஃபயர்பால் திரும்பி வராது. ஹேஸ்ட் போட்டால் வயசாகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் 'நல்ல மாற்றம்தானே' என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். மொத்தமாகச் சேர்ந்தபோது மந்திரவாதியின் பலம் அப்படியே இருந்தது, விலை மட்டும் காணாமல் போனது.

ஹேஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் பதிப்பில் ஹேஸ்ட் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக ஒரு பாதிச் செயலைக் கொடுத்தது. பாதிச் செயலில் ஒரு மந்திரம் சொல்லலாம். அதனால் மந்திரவாதி அதை வீரனுக்குப் போடாமல் தனக்கே போட்டுக்கொண்டு, ஒரே சுற்றில் ரெண்டு மந்திரம் வீச ஆரம்பித்தான். 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் திருத்தினார்கள்: ஹேஸ்ட் இனிமேல் ஆயுதத்தால் முழுமூச்சாகத் தாக்குகிறவருக்கு ஒரு கூடுதல் வீச்சு கொடுக்கும், அவ்வளவே. இந்தத் திருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மந்திரம் பலவீனமாகவில்லை. யாருக்குப் போட்டால் லாபம் என்பது மாறியது. மந்திரவாதி ஹேஸ்ட் போட்டதும் மேஜையே திரும்பி வீரனைப் பார்க்கிறது.

அதே பதிப்பில் நாக் மந்திரத்தின் சுருள் ஒன்று 150 பொன். பூட்டு திறக்க லெவல் லெவலாகப் பயிற்சி எடுத்த திருடனின் பிழைப்பு 150 பொன்னுக்குக் கடையில் கிடைத்தது. வீரன் கூட்டல் கணக்கில் வளர்கிறான், மந்திரவாதி பெருக்கல் கணக்கில் வளர்கிறான் என்ற பேச்சு இந்த ஆட்டக்காரர்கள் மத்தியில் பழமொழி மாதிரி ஆனதற்கு இந்தப் பதிப்பு ஒரு முக்கியக் காரணம்.

2008இல் நாலாம் பதிப்பு. சண்டை தீர்க்கச் சொத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் திறன்கள்: எப்போதும் செய்யக்கூடியது, ஒரு சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஒருமுறை. கணக்கு சரியாக வந்தது. ஆனால் 'எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்க' என்று பலர் விலகினார்கள். அடுத்த வருஷமே பழைய மூன்றரை விதிகளைத் தழுவி வந்த பாத்ஃபைண்டருக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. அந்தச் சண்டையில் ஒரு நல்ல விஷயமும் அடிபட்டுப் போனது. நாலாம் பதிப்பு நாக் மாதிரியான மந்திரங்களைச் சண்டையிலிருந்து பிரித்து, சடங்குகள் என்று தனியாக வைத்தது. நேரமும் பொன்னும் செலவு செய்துதான் சடங்கு நடத்த முடியும். மந்திரத்தால் பூட்டைத் திறக்கலாம், ஆனால் பத்து நிமிஷம் உட்கார்ந்து காசையும் எரிக்கணும். திருடன் பக்கத்தில் இருந்தால் அவனைக் கூப்பிடுவதே மேல். இது சரியான திசை என்பது என் கருத்து.

ஐந்தாம் பதிப்புக்கு வருவோம். இதை எழுதியவர்களுக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. கவனக்குவிப்பு என்று ஒரு விதி வைத்தார்கள்: நீடித்து நிற்கிற மந்திரங்களில் பெரும்பாலானவற்றை ஒரே நேரத்தில் ஒன்றுதான் பிடித்து வைத்திருக்க முடியும். அடி விழுந்தால் பகடை உருட்டணும். பத்து, இல்லாவிட்டால் வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதை எட்டணும். எட்டாவிட்டால் மந்திரம் கலையும். பறந்துகொண்டு, மறைந்துகொண்டு, வேகமாகவும் ஓடிய பழைய மந்திரவாதி இதோடு காலி. கடந்த இருபத்தைந்து வருஷத்தில் இந்த ஆட்டத்தில் வந்த மந்திர விதிகளில் இதுதான் சிறந்தது என்பேன்.

நாக் மந்திரத்தில் செய்ததும் அழகு. பூட்டு திறக்கும், ஆனால் முன்னூறு அடி வரை கேட்கிற மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பகடையைத் தொடாமல், எண்ணை மாற்றாமல், மந்திரவாதிக்கும் திருடனுக்கும் தனித்தனி வேலை பிறந்துவிட்டது. அவசரம் என்றால் மந்திரம், ரகசியம் என்றால் திருடன். (அன்றைக்குக் கல்லறை வாசலில் அந்தச் சத்தத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. மறந்துவிட்டேன். என் தப்பு.)

இவ்வளவு தெரிந்தவர்கள் டைனி ஹட்டை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

பழைய பதிப்புகளில் இது ஒரு கூடாரம். குளிர் காக்கும், மழை காக்கும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். ஆனால் அம்பு உள்ளே வரும், ஈட்டி வரும், பெரும்பாலான மந்திரமும் வரும். மூன்றரைப் பதிப்பிலும் அப்படித்தான். காவல் கட்டாயம் வேண்டும். ஐந்தாம் பதிப்பில் அது கோட்டை. போடும் நேரத்தில் உள்ளே இருந்த ஆட்களும் பொருள்களும் தாராளமாகப் போய் வரலாம். மற்ற எதுவும் உள்ளே வர முடியாது, மந்திரமும் வராது. உள்ளே இருந்த அம்பு வெளியே போகும், வெளியே இருக்கும் அம்பு உள்ளே வராது! எட்டு மணி நேரம். கவனக்குவிப்பு கிடையாது. சடங்காகப் போட்டால் மந்திர ஸ்லாட்டும் செலவில்லை. பதினோரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும். மந்திரவாதி அதை அன்றைக்குத் தயார் செய்திருக்கக்கூட வேண்டாம், புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் போதும். 2024இல் திருத்திய புத்தகம் வந்தபோது முதலில் இதைத்தான் தேடிப் பார்த்தேன். எட்டு ஓநாய்களை வரவழைத்து மேஜையை நிரப்பும் மந்திரத்தையெல்லாம் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். வீரனின் ஆயுதங்களுக்குப் புது வித்தைகள் கொடுத்திருக்கிறார்கள். ஹட் கோட்டையாகவே நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிசு பண்றேன்? ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

2014 டிஎம் கையேடு ஒரு நாளுக்கு நடுத்தரமாகவோ கடினமாகவோ ஆறிலிருந்து எட்டு மோதல்களை ஒரு குழு தாங்கும் என்று சொல்கிறது. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒன்பது ஸ்லாட்: முதல் நிலை நாலு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டு. நடுவில் ஓய்வெடுத்துக் கொஞ்சம் மீட்கலாம், அதை விடுங்கள். ஆறு சண்டை, சண்டைக்கு மூன்று சுற்று என்று வைத்தால் பதினெட்டுச் சுற்று. கையில் ஒன்பது மந்திரம். பாதிச் சுற்றுகளில் அவன் செலவில்லாத சில்லறை மந்திரத்தை வீசிக்கொண்டு நிற்கணும். 'இதுக்கு ஃபயர்பால் தேவையா, அடுத்த அறைக்கு வைத்துக்கொள்ளலாமா' என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கணும். வீரன் பதினெட்டுச் சுற்றிலும் சுற்றுக்கு ரெண்டு வீச்சு, களைப்பே இல்லாமல். இந்த நாளில் அவன்தான் முதுகெலும்பு.

இப்போது ஒரு நாளில் ஒரே ஒரு சண்டை என்று வையுங்கள். மூன்று சுற்று. ஃபயர்பால், ஃபயர்பால், இரண்டாம் நிலையில் இன்னொன்று. முடிந்தது. ஆறு ஸ்லாட் மிச்சம். வீரன் ஆறு வீச்சு வீசியிருப்பான்.

விதியில் ஒரு எழுத்து மாறவில்லை, பகடை ஒன்று மாறவில்லை. நாளின் நீளம் மட்டும் மாறியது. சமநிலை உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்: ரெண்டு தூக்கத்துக்கு நடுவே எத்தனை சண்டை. நான் ஆடிய மேஜைகள் எதிலும் ஒரு நாளில் ஆறு மோதலை நான் பார்த்ததில்லை. ஒன்று, ரெண்டு, மிஞ்சினால் மூன்று. மூணு மணி நேர ஆட்டத்தில் அதற்கு மேல் முடியாது. அப்புறம் எல்லாரும் 'தூங்கிடலாமா?' என்பார்கள். தூக்கம் ஆபத்தானதாக இருந்தவரை அந்தக் கேள்விக்கு ஒரு எடை இருந்தது. ஹட் அந்த எடையை எடுத்துவிட்டது. அதனால்தான் யாரையும் காயப்படுத்தாத இந்த மந்திரம் மற்ற எல்லா மந்திரத்தையும் பலமாக்குகிறது என்கிறேன்.

பாரதத்தில் இதைவிடத் தெளிவாக ஒரு இடம் இருக்கிறது. கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் கர்ணன் வாங்கிய சக்தி ஆயுதம். ஒரே தடவைதான் வேலை செய்யும். யார் மேல் விட்டாலும் சாவு. அதை அர்ஜுனனுக்கு என்று பத்திரமாக வைத்திருந்தான். அந்த ஆயுதத்தை எப்படிச் சமன் செய்வது? கண்ணன் அதன் வீரியத்தைக் குறைக்கவில்லை. பதினாலாம் நாள் யுத்தம் ராத்திரியும் நிற்காமல் நீண்டது. கண்ணன் கடோத்கஜனை இறக்கினான். கௌரவப் படை துவம்சமாகிறது, துரியோதனன் பக்கம் எல்லாரும் கர்ணனைப் பார்த்துக் கத்துகிறார்கள். வேறு வழியில்லாமல் அதைக் கடோத்கஜன் மேல் விட்டான். பாண்டவர்கள் அழுதபோது கண்ணன் மட்டும் மகிழ்ந்தான் என்கிறது கதை. கர்ணனுக்கு அந்த ராத்திரி ஒரு டைனி ஹட் இருந்திருந்தால்?

சரி, இதற்கு மாற்றுக் கருத்துகள் இல்லாமல் இல்லை. 'இது சேர்ந்து ஆடுகிற ஆட்டம், யார் பலசாலி என்பது எதற்கு? டிஎம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். டிஎம் என்ன செய்யலாம்? ஹட்டைச் சுற்றி இருநூறு பேரை நிறுத்தலாம். ஒவ்வொரு திருட்டுக் கும்பலிலும் மந்திரத்தைக் கலைக்கத் தெரிந்த ஒருத்தனை வைக்கலாம். ரெண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். ஆட்டம் எனக்கும் மந்திரவாதியாக ஆடுகிறவனுக்கும் நடுவே நடக்கும் வக்கீல் சண்டையாக மாறியது. வீரன் அதையும் வேடிக்கை பார்த்தான். நியாயமாக வாங்கிய பொம்மையை நான் பிடுங்குகிறேன் என்று மந்திரவாதிக்கும் கசப்பு.

இன்னொரு கருத்து இதைவிடக் கனமானது. சமநிலையே வேண்டாம் என்பது. 1987இல் வந்த ஆர்ஸ் மாஜிகா அதைத்தான் செய்தது. அதில் மந்திரவாதிகள் மற்றவர்களைவிட வெளிப்படையாகவே பெரியவர்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு மந்திரவாதி உண்டு, கூடவே ஒரு துணைப் பாத்திரம். காவலாட்களைப் பொதுவில் வைத்துக்கொள்வார்கள். இந்தக் கதையில் உன் மந்திரவாதி வந்தால் அடுத்ததில் என்னுடையவர். மற்றவர்கள் ஈட்டி பிடித்துக் கூட வருவார்கள். பாத்திரங்களுக்குள் சமம் இல்லை, ஆடுகிறவர்களுக்குள் சமம். அதை எழுதிய இருவரில் ஒருவர் ஜோனதன் ட்வீட். ஆமாம், பதிமூன்று வருஷம் கழித்து மூன்றாம் பதிப்பில் விலைகளைப் பிடுங்கிய மூவரில் அவரும் ஒருவர். முதல் ஆட்டத்தில் பிரச்சனையைச் சுழற்சி முறையில் தீர்த்தவர், இரண்டாவதில் ஒரு ஆள் ஒரு பாத்திரம் என்ற பழைய ஏற்பாட்டுக்குள் வேலை செய்ய வேண்டியிருந்தது. டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் வேறொரு வழி எடுத்தது: ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை உருட்டணும், சொதப்பினால் மந்திரவாதியின் உடம்பே கோணலாகும். எனக்கு அது பிடிக்கும். எங்கள் குழுவுக்குப் பிடிக்கவில்லை. தன் பாத்திரத்துக்கு நாக்கு நீண்டு தொங்குவதை எல்லாரும் ரசிப்பதில்லை.

எங்கள் மேஜையில் கடைசியாகச் செய்தது சின்ன விஷயம். ஃபயர்பாலை மறுபடியும் எட்டுப் பகடையாக்கினேன். குட்பெர்ரியில் கை வைக்கவில்லை. ஹட்டைப் பழைய கூடாரமாக்கினேன்: மழை வராது, உள்ளே இருப்பவர் தெரியாது, ஆனால் யாரும் எதுவும் நுழையலாம். கூடவே ஒன்று: நடுராத்திரியில் எழுந்து சண்டை போட்டால் அந்த ஓய்வில் ஸ்லாட் திரும்பாது. இந்த இரண்டாவது விதி கொடூரம் என்று மந்திரவாதி நண்பன் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்தாம் லெவல் வரைக்கும் காத்திருந்து எடுத்த மந்திரம். 'நான் எல்லாரையும் காப்பாத்தத்தானே அதை எடுத்தேன்' என்றான். அவன் ஆசைப்பட்டது அடுத்தவன் இடத்தைப் பிடிக்க இல்லை. கெட்ட விதியின் பெரிய தீங்கே இதுதான். நல்லது செய்ய நினைக்கிறவனை அடாவடிக்காரனாகக் காட்டிவிடும்.

அடுத்த வாரம் அதே சதுப்பில் திரும்பி வரும் வழி. கூடாரம் போட்டார்கள். வீரன் வெளியே காவல். மூன்றாம் ஜாமத்தில் தண்ணீரில் ஏதோ அசையும் சத்தம் கேட்கிறது என்றேன். எழுப்பினால் விடிந்ததும் மந்திரவாதி கையில் ஒன்றும் இருக்காது. எழுப்பாவிட்டால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியாது. நண்பன் ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தனியாகத் தண்ணீரில் இறங்குகிறேன் என்றான். தூங்கிக்கொண்டிருக்கும் பாத்திரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாத மந்திரவாதி நண்பன், தட்டில் இருந்த முறுக்கைக் கையில் எடுத்தபடி கடிக்காமல் அவன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பல்லி மனிதர்கள். வீரன் பிழைத்தான், நாலு உயிர்ப்புள்ளியோடு.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது மந்திரவாதி ஒரு சமரசத்தோடு வந்தான். சடங்காகப் போட்டால் கூடாரமாகவே இருக்கட்டும். ஐந்தாம் நிலை ஸ்லாட்டைச் செலவழித்துப் போட்டால் மட்டும் கோட்டை. நல்ல விலை என்று ஒத்துக்கொண்டேன். அவனுக்கு அந்த ஸ்லாட் கிடைக்க ஒன்பதாம் லெவல் ஆக வேண்டும். இன்னும் நாலு லெவல் இருக்கிறது.